கியூசி காளிதாஸ் வாங்கிய பிரிண்டர்

காளிதாஸ் எதையும் பார்த்தவுடன் நம்பிவிடுகிற ஆள் இல்லை. ஐந்து கிலோ அரிசி வாங்கி வந்தால் வீட்டுத் தராசில் ஒரு தடவை நிறுத்துப் பார்ப்பார். பெட்ரோல் நிலையத்தில் மீட்டர் சைபரில் நிற்கிறதா என்று குனிந்து பார்த்த பிறகுதான் குழாயைக் கையில் எடுப்பார். சொந்தக்காரர்கள் இதைச் சந்தேகப் புத்தி என்றார்கள். அவரைக் கேட்டால் தொழில் என்பார்.

தொழிலும் அப்படிப்பட்டதுதான். சிங்கப்பூர் எல்லைக்கு இந்தப் பக்கம் சேனாயில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் முப்பத்திரண்டு வருஷம் கலர் பார்த்தார். அச்சிலிருந்து விழுகிற மின்விசிறி இறக்கை, ரைஸ் குக்கர் மூடி என்று எல்லாவற்றிலும் ஒன்றை எடுத்து, மாதிரித் துண்டுக்குப் பக்கத்தில் வைத்து, விளக்குப் பெட்டிக்குள் பிடித்துப் பார்க்க வேண்டும். ஒரு நூல் கூடக் குறைய இருந்தாலும் ரிஜெக்ட். மேனேஜரே வந்து கெஞ்சினாலும் ரிஜெக்ட். இந்தத் தரம் பார்க்கிற வேலைக்குக் கம்பெனியில் கியூசி என்று பெயர். ஸ்கூடாயில் அவர் குடியிருக்கிற தாமான் குடியிருப்பில் கியூசி காளிதாஸ் என்று கேட்டால்தான் வீட்டைக் காட்டுவார்கள்.

போன வருஷம் அறுபது முடிந்து வேலையை விட்டார். இந்த வருஷம் கம்பெனியே திரும்பக் கூப்பிட்டது. ஒரு வருஷ ஒப்பந்தம், அதே பழைய நாற்காலி, கண் பரிசோதனையில் மட்டும் தேறிவிட வேண்டும். கடிதம் வந்து இரண்டு வாரமாகியும் காளிதாஸ் பதில் எழுதவில்லை. அரசாங்கக் கிளினிக்கில் டாக்டர் அவர் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, லென்ஸ் லேசாக மங்க ஆரம்பித்திருக்கிறது, இப்போதைக்குக் கவலைப்பட வேண்டாம் என்று சொல்லியிருந்தார். கவலைப்பட வேண்டாம் என்று டாக்டர் சொன்னால் காளிதாஸ் நம்புவாரா? மனைவியிடம்கூட வாயைத் திறக்காமல் உள்ளுக்குள்ளேயே வைத்துப் புழுங்கினார். அந்தக் கண்ணும் போய்விட்டால் தன்னிடம் மிச்சம் என்ன இருக்கிறது, அரிசி நிறுக்கிற கிழவன்தானே என்று அவருக்குப் பயமாக இருந்தது.

இந்த நேரம் பார்த்துத்தான் அந்தப் படத்து வேலை வந்து சேர்ந்தது.

மனைவி யோகேஸ்வரியைக் கைப்பிடித்து அடுத்த மாதத்தோடு முப்பது வருஷம். அன்றைக்கு வீட்டில் சாமி கும்பிட்டு, சொந்தக்காரர்களைக் கூப்பிட்டுச் சாப்பாடு போடுவதாக ஏற்பாடு. ஹாலில் அவளுடைய படம் ஒன்றைக் கேன்வாஸ் துணியில் பெரிதாகப் போட்டு மாட்டிவிட வேண்டும் என்று காளிதாஸுக்கு ஆசை. படமும் கையில் இருந்தது. சீனப் பெருநாள் விடுமுறைக்கு மகள் லோஷினி சிங்கப்பூரிலிருந்து வந்திருந்தபோது மூன்று பேரும் பெக்கான் நானாஸ் போயிருந்தார்கள். சாலையோரக் கடையில் அன்னாசிக் குவியலுக்கு முன்னால், அரக்குச் சேலையில் யோகேஸ்வரி எதற்கோ வாய்விட்டுச் சிரித்தாள். லோஷினி அதை அம்மாவின் போனிலேயே பிடித்துவிட்டாள். அன்றைக்கு ராத்திரியே யோகேஸ்வரி அதை வாட்சாப்பில் புருஷனுக்கு அனுப்பியிருந்தாள்.

ஸ்கூடாய்ப் பேரங்காடியில் ஒரு கடையில் கேன்வாஸ் போடக் கொடுத்தார். வந்ததைப் பிரித்தவருக்கு மூக்குக்கு மேல் கோபம். அன்னாசி இருக்கிறது, சேலை இருக்கிறது, நடுவில் யாரோ ஒரு வெளிறிப்போன பெண் சிரித்துக்கொண்டிருக்கிறாள். யோகேஸ்வரி நல்ல கறுப்பு. மழை பெய்து ஓய்ந்த பிறகு மரப்பட்டைக்கு ஒரு நிறம் வருமே, அந்த நிறம். அது அவருக்குத் தெரியாததா? கூலாயில் இன்னொரு கடையில் கொடுத்துப் பார்த்தார். அங்கேயும் அதே வெளுப்பு.

"நம்ம ஆளுங்க மூஞ்சியில மாவு அப்புறதுக்குன்னே கடை திறந்து வெச்சிருக்கானுங்க" என்று வீட்டுக்கு வந்து கத்தினார். "கல்யாண ஆல்பம் போட்டுப் போட்டு இவனுங்களுக்குக் கைப்பழக்கம் ஆயிருச்சு. நானே பிரிண்டர் வாங்கி அடிச்சுக்கறேன்."

யோகேஸ்வரி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே, "கடையில போட்டதே நல்லாத்தானே இருக்கு" என்றாள். அதைக் காளிதாஸ் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. ஊரில் இருக்கிற எல்லாரையும் சந்தேகப்பட்ட மனிதர், வாங்கிக்கொள்ள வேண்டிய அந்த ஒரு பேச்சை மட்டும் விட்டுவிட்டார்.

பிரிண்டர் கடையில் ஷரோன் என்று ஒரு விற்பனைக்காரி. நாற்பது வயதிருக்கும், கழுத்தில் சின்னச் சிலுவை, எதற்கும் அசையாத முகம்.

"பள்ளிக்கூடப் பேப்பர் அடிக்கவா அண்ணே, படம் அடிக்கவா?"

"படம். கேன்வாஸும் அடிக்கணும்."

"அப்போ லேசர் வேணாம்."

"ஏன், லேசர்ல உங்களுக்குக் கமிஷன் கம்மியா?"

"லேசர் உள்ள ரொம்பச் சூடு அண்ணே. கேன்வாஸ் போட்டா உள்ளயே மாட்டிக்கும். அப்புறம் நீங்க என்னைத் தேடிக்கிட்டு வருவீங்க. மை தெளிக்கிறதுதான் உங்களுக்கு."

மை தெளிக்கிறதில் நான்கு மை இருந்தது, ஆறு மை இருந்தது. ஆறுதான் முகத்துக்கு நல்லது, வெளிர்ப் பக்கத்துக்கென்று தனி மை இருப்பதால் தோலில் புள்ளி தெரியாது என்றாள். அதிலும் கரைகிற சாயம் ஒன்று, பொடி கலந்த மை ஒன்று. கேன்வாஸுக்குப் பொடிதான், கலர் நின்று பேசும் என்றாள்.

"நிக்கும்னா எத்தனை வருஷம்?"

"பெட்டியில நூறுன்னு போட்டிருக்கான்."

"நூறு வருஷம் கூட இருந்து பார்த்தவன் யாரு?"

ஷரோன் மாதிரிப் படத்தை எடுத்து நீட்டினாள். ஒரு பஞ்சவர்ணக்கிளி. காளிதாஸ் அதை வாங்கவே இல்லை.

"இந்தக் கிளியை எனக்குத் தெரியாது. இது எந்தப் பச்சையா இருந்தா எனக்கென்ன? எனக்குத் தெரிஞ்சதை அடிச்சுக் காட்டுங்க."

போனிலிருந்து மனைவியின் படத்தை அவளுக்கு அனுப்பிவிட்டு, பையிலிருந்து ஒரு துணித்துண்டை எடுத்து மேசையில் வைத்தார். மனைவியின் அரக்குச் சேலைக்கு ரவிக்கை தைத்தபோது மிஞ்சிய துண்டு. இப்போது ஷரோனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கடைகளை வேவு பார்க்க வேறு கடைக்காரர்கள் ஆள் அனுப்புவது உண்டு.

"அண்ணே, உண்மையைச் சொல்லுங்க. நீங்க எந்தக் கடை?"

"நான் வீட்டுக்காரன்மா. அடிங்க."

அடித்தாள். காளிதாஸ் தாளை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ச் சேலைப் பகுதிக்குப் பக்கத்தில் துணித்துண்டை வைத்தார். கோடு தெரியாமல் ஒட்டிக்கொண்டது. முப்பத்திரண்டு வருஷத்தில் இவ்வளவு சுத்தமாகப் பொருந்தியது எண்ணிக்கையில் கொஞ்சம்தான். பிறகு முகத்தைப் பார்த்தார். அதே வெளுத்த பெண்.

"மூஞ்சி சரியில்லையே."

ஷரோன் எட்டிப் பார்த்தாள். "அழகாத்தானே இருக்காங்க?"

"அழகைக் கேக்கல. கலரைக் கேக்கறேன்."

"உங்க போன்ல எப்படி இருக்கோ அப்படியேதான் அண்ணே வந்திருக்கு. பக்கத்துல வெச்சுப் பாருங்க லா."

போனில் வைத்துப் பார்க்கச் சொன்னால் காளிதாஸ் பார்ப்பாரா? உள்ளிருந்து வெளிச்சம் வருகிற எதிலும் கலர் பார்க்கக் கூடாது என்பது அவருடைய கட்சி. அந்தக் கட்சியால்தான் படம் போனுக்கு வந்த நாளிலேயே பிடிபட்டிருக்க வேண்டியது பிடிபடாமல் போயிற்று. கடைத் தாளில் கோளாறு, வீட்டில் நல்ல தாள் போட்டால் சரியாகிவிடும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, துணி பொருந்தியதற்காக அந்த மெஷினையே வாங்கினார். கேன்வாஸ் தாள் ஒரு கட்டும் வாங்கினார். வாரத்துக்கு ஒரு பக்கமாவது அடிக்க வேண்டும், சும்மா போட்டால் மை காய்ந்து, அது தெளிக்கிற மூக்கு அடைத்துக்கொள்ளும் என்று ஷரோன் சொன்னதை மட்டும் முழுசாக நம்பினார். கெட்ட சேதியை அவர் சந்தேகப்பட்டதே இல்லை.

லோஷினியின் அறை காலியாகக் கிடந்தது. அங்கே ஜன்னலோரம் மெஷினை வைத்தார். கம்பெனியில் சொல்லிக்கொடுத்த வழக்கப்படி காலை பத்து மணி வெளிச்சத்தில் மட்டும்தான் பார்ப்பது. முதல் நாள் அடித்தார், முகம் வெளுப்பு. தாள் வகையை மாற்றினார், வெளுப்பு. மார்க்கெட்டுக்குப் போய் ஒரு அன்னாசி வாங்கிவந்து படத்து அன்னாசிக்குப் பக்கத்தில் வைத்தார். அச்சு அசலாக இருந்தது. சரி, மொத்தமாகக் கொஞ்சம் இருட்டடிப்போம் என்று குறைத்தார். முகம் யோகேஸ்வரியின் நிறத்துக்குக் கிட்டே வந்தது. ஆனால் அன்னாசி அழுகிப்போயிற்று, அரக்குச் சேலை கறுத்துவிட்டது. முகத்தைச் சரிசெய்தால் மற்றது கெடுகிறது, மற்றதைச் சரிசெய்தால் முகம் கெடுகிறது. இந்தக் கூத்தைப் பிளாஸ்டிக்கில் அவர் பார்த்ததே இல்லை.

"கொஞ்சம் இப்படி வந்து உக்காரேன். பக்கத்துல வெச்சுப் பார்த்துக்கறேன்" என்று மனைவியைக் கூப்பிட்டார்.

"அடுப்புல குழம்பு இருக்கு."

மறுநாள் கூப்பிட்டார். துணி காயப்போட வேண்டும் என்றாள். அதற்கு அடுத்த நாள் தலைவலி.

அன்றைக்கு ஷரோனுக்குப் போன் போட்டார். மெஷின் கெட்டுப்போனது என்று ஒரு பிடி பிடித்தார். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"சேலை சரியா இருக்குங்கறீங்க. பழம் சரியா இருக்குங்கறீங்க. மூஞ்சி மட்டும் வேறங்கறீங்க. நானும் கடையில பார்த்தேன், போன்ல இருக்கறதும் தாள்ல வந்ததும் எனக்கு ஒண்ணாத்தான் தெரிஞ்சுச்சு. கோவிச்சுக்காதீங்க அண்ணே, கண்ணு செக் பண்ணி எத்தனை நாளாச்சு?"

காளிதாஸுக்குச் சுருக்கென்றது. வாய்க்கு வந்த ஒன்றைச் சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

கம்பெனியில் அவருக்கு முன்னால் செபஸ்தியன் என்று ஒரு மூத்தவர் கலர் பார்த்தார். கெட்டிக்காரர். ஐம்பத்தெட்டு வயதில் ஒருநாள் நல்ல சரக்கை மூன்று வண்டி ரிஜெக்ட் செய்துவிட்டார். எல்லார் கண்ணுக்கும் ஒன்றாகத் தெரிகிற இரண்டு கலர் அவர் கண்ணுக்கு மட்டும் வேறு வேறாகத் தெரிந்தது. வயசான கண்ணுக்கு அப்படி வரும் என்று சரக்கு வாங்குகிற பெரிய கம்பெனியின் ஆள் வந்து விளக்கினான். மறு வாரம் செபஸ்தியனை ஸ்டோருக்கு மாற்றி அட்டைப்பெட்டி எண்ண விட்டார்கள். அவர் நாற்காலியில்தான் காளிதாஸ் வந்து உட்கார்ந்தார். இப்போது அந்த மனிதரின் முகம் நினைவுக்கு வந்தது. தன் முறை வந்துவிட்டது என்றே நினைத்தார். ஒப்பந்தக் கடிதத்தை எடுத்து மேசை இழுப்பறையின் அடியில் சொருகிவைத்தார்.

இரண்டு நாள் கழித்து ஷரோனே கூப்பிட்டாள். கோபித்துக்கொண்டு மெஷினைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுவாரோ என்று அவளுக்கு ஒரு பக்கம் பயம் இருந்திருக்கும்.

"அண்ணே, ஒண்ணு கேக்க மறந்துட்டேன். அந்தப் படம் வாட்சாப்ல வந்ததா? வாட்சாப் படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். கேன்வாஸ் பெருசா அடிக்க அது பத்தாது. எடுத்த போன்ல அசல் இருக்கும் பாருங்க. அதை வெச்சு அடிங்க."

காளிதாஸுக்கு உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. வாட்சாப் செய்த வேலையாகக்கூட இருக்கலாமே. நேராக மனைவியிடம் போனார்.

"அந்தப் பெக்கான் நானாஸ் படம் உன் போன்ல இருக்கும்ல, கொடு."

"அழிச்சிட்டேன்னு நினைக்கறேன்."

"நேத்துக்கூட லோஷினிகிட்ட அதைப் பத்திப் பேசிக்கிட்டிருந்தியே?"

"போன் ரொம்ப நிறைஞ்சு போச்சுங்க. எதை வெச்சேன் எதை எடுத்தேன்னு யாரு கண்டா. அதே படத்தை இன்னொரு தடவை அனுப்பறேன்."

"அசல் வேணும்."

"அசல் என்ன அசல். படம்னா படம்தானே" என்று சொல்லிவிட்டுப் போனை எடுத்து இடுப்பில் சொருகிக்கொண்டாள்.

கண்ணைப் பற்றிய பயம் அந்த நொடியில் ஓரமாகப் போயிற்று. காளிதாஸின் சந்தேகம் முப்பது வருஷத்தில் முதல்தடவையாக வீட்டுக்குள்ளேயே திரும்பியது. உட்காரக் கூப்பிட்டால் உட்கார மாட்டேன் என்கிறாள். படத்தைக் கேட்டால் இல்லை என்கிறாள். அந்தப் போனில் என்ன இருக்கிறது? யாரோடு பேசுகிறாள்? இவ்வளவு நாள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஊரையெல்லாம் பார்த்தவன், வீட்டில் கண்ணை மூடிக்கொண்டு இருந்துவிட்டேனா? அசிங்கமாக என்னென்னவோ யோசித்தார். அதையெல்லாம் இங்கே சொன்னால் அவருக்கும் அவமானம், நமக்கும் அவமானம்.

மறுநாள் காலை அவள் பின்கட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது, சமையல் மேடையில் இருந்த போனை எடுத்தார். திருட்டுத்தனம் என்று தெரிந்துதான் எடுத்தார். பூட்டு எண் லோஷினியின் பிறந்த தேதி. திறந்துகொண்டது.

யாரோடும் ரகசியப் பேச்சு எதுவும் இல்லை. படங்கள்தான் இருந்தன. ஒவ்வொன்றும் இரண்டு இரண்டாக. அன்னாசிக் குவியலுக்கு முன்னால் யோகேஸ்வரி தன் நிறத்தில் சிரிக்கிறாள். அடுத்த படத்தில் அதே சிரிப்பு, வெளுத்த முகம். தைப்பூசத்தில் எடுத்தது இரண்டு. லோஷினி பட்டம் வாங்கியபோது எடுத்தது இரண்டு. விரலால் தள்ளிக்கொண்டே போனார். ஆறு வருஷம், ஏழு வருஷம் பின்னால் போயும் அப்படியே இருந்தது. கோயிலில் பதினொரு பேர் நிற்கிற ஒரு படம், பத்துப் பேர் அவரவர் நிறத்தில் நிற்க, யோகேஸ்வரியின் முகம் மட்டும் தனியாக வெளுத்திருந்தது. முகத்தை அழகாக்கித் தருகிற ஏதோ ஒரு செயலியில் உட்கார்ந்து ஒவ்வொரு படமாக அவளே தேய்த்து வெளுக்கவைத்திருக்கிறாள்.

இதைப் பார்த்தவுடன் காளிதாஸுக்கு என்ன தோன்றியிருக்க வேண்டும்? வேறு யாராக இருந்தாலும் கொஞ்ச நேரம் அந்தப் பதினொரு பேர் படத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இந்த மனிதருக்கோ சந்தோஷம் பொத்துக்கொண்டு வந்தது. கண் சரியாக இருக்கிறது. கடைக்காரன் தப்பில்லை, மெஷின் தப்பில்லை, தன் கண்ணிலும் தப்பில்லை. இரண்டு கடையும் ஷரோனும் ஒன்றாகச் சொன்னபோது தான் மட்டும் வேறு என்று சொன்னாரே, அதுதான் சரி. அசல் படத்தைத் தன் போனுக்கு அனுப்பிக்கொண்டார். கையோடு கம்பெனிக்குப் போன் போட்டு, கண் பரிசோதனைக்கு எப்போது வர வேண்டும் என்று கேட்டார். சமையல் மேடைக்குப் போனைத் திரும்பக் கொண்டுவந்து வைத்தபோது சீட்டியடித்தார் என்றுகூடச் சொல்ல வேண்டும்.

கேன்வாஸ் தாளை மெஷினின் பின்பக்கம் செலுத்தினார். துணி நனைந்து நனைந்து மெதுவாக வெளியே வந்தது. முதலில் தலைமுடி, பிறகு நெற்றி, பொட்டு, கண். அன்னாசியும் சரி, சேலையும் சரி, முகமும் சரி. ஒரு நாள் முழுக்க மை உலர விட்டார். தொட்டுப் பார்க்கக்கூட இல்லை.

மறுநாள் பத்து மணிக்குக் கூப்பிட்டார். குரலில் என்ன இருந்ததோ, இந்தத் தடவை யோகேஸ்வரி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். ஜன்னலோர ஸ்டூலில் உட்காரச் சொன்னார். உட்கார்ந்தாள். படத்தை எடுத்து அவள் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்தார். தலையைப் பின்னால் சாய்த்து, ஒரு கண்ணைச் சுருக்கி, கம்பெனியில் பார்க்கிற மாதிரியே பார்த்தார்.

"பாஸ்" என்றார். "இதுதான் உன் கலர். என்னை யாராலயும் ஏமாத்த முடியாது."

"அதை எடுங்க."

"என்ன?"

"அந்தப் படத்தை என் மூஞ்சிக்குப் பக்கத்துலருந்து எடுங்க."

எடுத்தார். அவள் உடம்பு கட்டை மாதிரி விறைத்திருந்ததை அப்போதுதான் கவனித்தார்.

"என் போனைத் திறந்தீங்களா?"

"திறந்தேன். வேற என்ன செய்யச் சொல்றே? எனக்குக் கண்ணு போச்சுன்னு ஒரு மாசமா பித்துப் பிடிச்ச மாதிரி அலையறேன். டாக்டர் லென்ஸ் மங்குதுன்னுட்டாரு. கம்பெனியில செபஸ்தியனை உக்கார வெச்ச மாதிரி என்னையும் அட்டைப்பெட்டி எண்ண வெச்சிருவாங்களோன்னு பயம். நீ வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா?"

"கண்ணு விஷயத்தை நீங்க என்கிட்ட சொன்னீங்களா?"

அவர் படத்தைச் சுவரோரம் சாய்த்து வைத்தார்.

"நீங்க அதைச் சொல்லல. நான் இதைச் சொல்லல" என்றாள் யோகேஸ்வரி. குரல் உயரவில்லை. "செடெனாக் தோட்டத்துக்கு என்னைப் பொண்ணு பார்க்க வந்தீங்களே, ஞாபகம் இருக்கா?"

"இல்லாம என்ன?"

"தரகர் கொடுத்த என் படம் உங்க சட்டைப் பையில இருந்துச்சு. ஸ்டூடியோக்காரன் அவனா வெளுக்க வெச்ச படம். நானா கேட்டேன்? நான் காப்பித் தட்டோட வந்து நிக்கறேன். நீங்க படத்தை எடுத்து, இப்ப பிடிச்ச மாதிரியே என் கன்னத்துக்குப் பக்கத்துல பிடிச்சுக்கிட்டு, 'கலர் மேட்ச் ஆகலையே'ன்னு சிரிச்சீங்க. அங்க இருந்த எல்லாரும் சிரிச்சாங்க. எங்கப்பாவும் சிரிச்சாரு, பொண்ணு கரையேறணுமேன்னு. எனக்குத் தட்டைக் கீழ வைக்க இடம் தெரியல."

காளிதாஸுக்கு அது நன்றாக நினைவிருந்தது. அதை அவர் எந்த நாளும் ஒளித்து வைத்ததில்லை. வேலையில் சேர்ந்து இரண்டு வருஷமே ஆகியிருந்த வயதில், தன் தொழில் சாமர்த்தியத்தைக் காட்டிவிட்ட பெருமை அன்று அவருக்கு. அந்தக் கதையைக் கல்யாண வீடு, பிறந்தநாள் வீடு என்று எங்கே நாலு பேர் கூடினாலும் சொல்லியிருக்கிறார். மாதிரி ஒன்று, வந்த சரக்கு ஒன்று, பாவம் பார்த்துப் பாஸ் போட்டுவிட்டேன் என்று முடிப்பார். எல்லாரும் வயிறு குலுங்கச் சிரிப்பார்கள். யோகேஸ்வரியும் சிரிப்பாள். அவள் சிரித்ததை மட்டும் அவர் ஒரு தடவைகூடச் சந்தேகப்படவில்லை.

"அன்னிக்கு உங்களுக்குப் பிடிச்சது அந்தப் படம்தான்" என்றாள். "என்னைப் பார்த்து நீங்க வரல. படத்தைப் பார்த்துத்தான் வந்தீங்க. நேர்ல என்னால மாத்த முடியாது. படத்துலயாவது நீங்க கேட்ட மாதிரி இருப்போம்னு செஞ்சுக்கிட்டேன். போன்ல அது சுலபமா வருது."

"யோகா, நான் எப்ப அப்படிக் கேட்டேன்?"

"இப்ப இதுதான் சரியான கலர்னு பாஸ் போடறீங்க. இது சரின்னா அன்னிக்கு எதுக்குச் சிரிச்சீங்க?"

பதில் சொல்ல அவர் வாயைத் திறந்தார். வயசு, விளையாட்டு, தொழில் என்று மூன்று காரணம் நாக்கு வரைக்கும் வந்தது. ஒவ்வொன்றையும் அவரே தள்ளிவிட்டார். நிறத்துக்காகத்தான் சிரித்தார். அதைத் தவிர அந்தச் சிரிப்பில் வேறு ஒன்றும் இல்லை என்று தெரிந்தபோது, முப்பது வருஷமாகத் தான் நல்லவன் என்று நினைத்துக்கொண்டிருந்த இடத்தில் அவரால் நிற்க முடியவில்லை. வெட்கமாக இருந்தது. கண் போயிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

"தப்புதான்" என்றார்.

"இதை இந்த ரூமுக்குள்ள என்கிட்ட மட்டும் சொன்னா எப்படி? அத்தனை பேர் முன்னால சிரிச்சீங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். "அதைச் சொல்லிட்டு எந்தப் படத்தை வேணும்னாலும் மாட்டுங்க."

அடுத்த மாதம் அந்த நாள் வந்தது. ஹாலில் முப்பது பேருக்கு மேல். செடெனாக்கிலிருந்து யோகேஸ்வரியின் அண்ணன் மதிவாணன் குடும்பத்தோடு வந்திருந்தார். பெண் பார்த்த அன்றைக்கு அந்தத் தோட்டத்து வீட்டில் இருந்து சிரித்தவர்களில் இன்னும் உயிரோடு இருக்கிற பெரியவர் அவர்தான். சுவரில் கேன்வாஸ் மாட்டுவதற்கு ஆணி மட்டும் அடித்திருந்தது. படம் லோஷினியின் அறைக்குள்ளேயே இருந்தது. வந்தவர்கள் ஒவ்வொருவரும் ஆணியைப் பார்த்து, எங்கே படம் என்று கேட்டார்கள். காளிதாஸ் எல்லாருக்கும் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒப்பந்த வேலை கிடைத்துவிட்ட சேதியைக்கூட யாரிடமும் சொல்லவில்லை.

சாமி கும்பிட்டு முடிந்ததும் மதிவாணனே ஆரம்பித்தார். "மாப்ளே, முப்பது வருஷம் ஆயிருச்சு. அந்தப் பொண்ணு பார்த்த கதையைச் சொல்லுங்க. சின்னப் புள்ளைங்க கேட்டதில்ல."

காளிதாஸ் நடுஹாலில் வந்து நின்றார். "சட்டைப் பையில படம் இருந்துச்சு" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். பழக்கதோஷத்தில் எல்லாரும் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். கதை முழுக்கத் தெரிந்தவர்கள், முடிவு வருவதற்குள்ளேயே சிரித்து வைத்தார்கள். இத்தனை வருஷம் இந்தச் சத்தத்துக்கு நடுவில் அவள் நின்றிருக்கிறாள் என்பது அவருக்கு அப்போதுதான் காதில் விழுந்தது. சிரிப்பு ஓயும் வரைக்கும் நின்றார். ஓய வெகு நேரம் ஆயிற்று.

"அவ கறுப்பா இருந்தான்னு நான் சிரிச்சேன். இன்னிக்கு வரைக்கும் அதை ஊர் ஊரா சொல்லிச் சிரிக்க வெச்சேன். நான் செஞ்சது தப்பு. அவ கலர்ல ஒரு தப்பும் இல்ல."

ஒரு சின்னப் பெண் என்ன ஆச்சு என்று அம்மாவைக் கேட்டாள். மதிவாணன் இன்னும் சிரித்த முகத்தோடு, கதையின் மிச்சத்துக்காகக் காத்துக்கொண்டு, சுற்றிலும் பார்த்தார்.

சமையலறை வாசலில் யோகேஸ்வரி கையில் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தாள்.

"இன்னொரு தடவை சொல்லுங்க" என்றாள். "எங்கண்ணனுக்கு ஒரு காது கேக்காது."

காளிதாஸ் மதிவாணனுக்கு எதிரே போய் நின்று, முதலிலிருந்து, சத்தமாகச் சொன்னார்.